டைமிங் பெல்ட்டுக்கு எத்தனை வயது?

ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்குள் பிஸ்டனும் வால்வும் ஒரே இடத்தை முறை வைத்துப் பயன்படுத்துகின்றன. பிஸ்டன் மேலே வரும்போது வால்வு மூடியிருக்க வேண்டும். வால்வு கீழே இறங்கும்போது பிஸ்டன் விலகியிருக்க வேண்டும். பிஸ்டன்களோடு இணைந்த கிராங்க் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது என்றால், ஒரே நொடியில் பிஸ்டன் 50 முறை உச்சிக்கு வந்து போகிறது. ஒவ்வொரு வால்வும் 25 முறை திறந்து மூடுகிறது. இரண்டும் மிக நெருங்கும் கணத்தில் நடுவே இருப்பது ஓரிரு மில்லிமீட்டர். இந்த முறை தவறாமல் காப்பது, பல கார்களில், ஓர் அங்குல அகலமுள்ள பல் வைத்த ரப்பர் பட்டை ஒன்றுதான். அதுதான் டைமிங் பெல்ட்.

பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் அது ஓடுவதால் கார் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அதைக் கண்ணால் பார்த்ததே இல்லை. மாற்றச் சொல்லி மெக்கானிக் கணக்குக் கொடுக்கும்போதுதான் அப்படி ஒன்று இருப்பதே தெரியவருகிறது. "வண்டி நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்தணும்?" என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. ஒரு பொருள் கெடும்வரை ஓட்டுவதா, கெடுமுன் மாற்றுவதா என்பதைப் பற்றி ஆழமாக யோசித்தவர்கள் கார்க்காரர்களைவிட விமானக்காரர்கள். அவர்கள் கண்டுபிடித்ததை வைத்துப் பார்த்தால் டைமிங் பெல்ட் ஏன் தனிச் சாதி என்பது விளங்கும். அதற்கு முன் பெல்ட் அறுந்தால் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அதனால் கேம் சக்கரத்தில் கிராங்க் சக்கரத்தைவிட இரு மடங்கு பற்கள் இருக்கும். பெல்ட் அறுந்ததும் வால்வு ஸ்பிரிங்குகளின் அழுத்தத்தால் கேம் ஷாஃப்ட் சட்டென்று நின்றுவிடும். நிற்கும்போது சில வால்வுகள் திறந்தபடியே இருக்கும். ஆனால் கிராங்க் நிற்காது. கியரில் ஓடும் வண்டியின் வேகம் சக்கரங்கள் வழியாக அதைச் சுற்றிக்கொண்டே இருக்கும். மேலே ஏறிவரும் பிஸ்டன் திறந்த வால்வில் மோதும். வால்வுத் தண்டு வளையும்; மோதல் கடுமையாக இருந்தால் பிஸ்டனின் தலையே உடையும். ஒர்க்‌ஷாப்பில் "ஹெட் இறக்கணும்" என்பார்கள். அதற்குப் பிறகு செலவு ஆயிரங்களில் நிற்காது.

எல்லா எஞ்சினுக்கும் இந்தக் கதி இல்லை. சிலவற்றில் வால்வு முழுக்கத் திறந்து நின்றாலும் பிஸ்டன் அதை எட்டாது. அந்த வண்டியில் பெல்ட் அறுந்தால் நடுவழியில் நிற்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். புது பெல்ட்டை மார்க் வைத்து மாட்டினால் கிளம்பிவிடும். ஆனால் அழுத்த விகிதத்தைக் கூட்டி, வால்வை இன்னும் ஆழமாகத் திறந்து, அதே எரிபொருளில் கூடுதல் சக்தி எடுக்க வேண்டுமென்றால் அந்த இடைவெளியை விட்டுவைக்க முடியாது. டீசல் எஞ்சினில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே இடமே மிச்சமிருக்காது. ஆகவே மோதும் வகைதான் இன்று பெரும்பான்மை.

இப்படி ஒரு பொறுப்பை ரப்பரிடம் கொடுக்கும் துணிச்சல் முதலில் வந்தது ஒரு சிறிய நிறுவனத்துக்கு. பல் வைத்த பெல்ட் 1940களில் அமெரிக்காவில் கில்மர் நிறுவனத்தில் தையல் எந்திரங்களுக்காக உருவானது. வழுக்காமல் ஓட வேண்டும், எண்ணெய் தெறித்துத் துணி கறைபடக் கூடாது என்ற தேவைக்குப் பிறந்த பொருள் அது. ஜெர்மனியின் பவேரியாவில், டிங்கோல்ஃபிங் என்ற சிற்றூரில், விதைக்கும் எந்திரங்கள் செய்துவந்து பிறகு கோகோமொபில் என்ற குட்டிக் காரைத் தயாரித்த ஹான்ஸ் கிளாஸ் நிறுவனம், 1961இல் காட்சிக்கு வைத்த கிளாஸ் 1004 காரில் கேம் ஷாஃப்ட்டைச் சுற்ற இந்தப் பெல்ட்டைப் பூட்டியது. பெருமளவில் தயாரான கார்களில் அதுவே முதல். கேமைச் சுற்றும் செயினைவிட விலை குறைவு, சத்தம் குறைவு, எண்ணெயும் வேண்டாம். 1966இல் பிஎம்டபிள்யூ கிளாஸை வாங்கிக்கொண்டது. அதே ஆண்டில் ஃபியட் 124 ஸ்போர்ட் காரின் இரட்டைக் கேம் எஞ்சினிலும் அமெரிக்காவில் போன்டியாக்கிலும் பெல்ட் ஏறிவிட்டது. நம் ஊர்ச் சாலைகளில் அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் செயினில் ஓடின. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 வீட்டுக்கு வீடு பெல்ட்டைக் கொண்டுவந்து சேர்த்தது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளிவந்த சான்ட்ரோவிலும் பெல்ட்தான்.

பெல்ட்டை அறுத்துப் பார்த்தால் உள்ளே மூன்று பொருள்கள் தெரியும். இழுவையைத் தாங்குவது கண்ணாடி இழைக் கயிறு. அதைச் சுற்றியிருப்பது செயற்கை ரப்பர். பற்களின் மேல் போர்த்தியிருப்பது நைலான் துணி. கண்ணாடி இழை இழுத்தால் நீளாது, அதனால்தான் பத்தாண்டு ஆனாலும் டைமிங் பிசகுவதில்லை. ஆனால் அதே இழையைக் கூர்மையாக மடக்கினால் உள்ளுக்குள் முறிந்துவிடும். புது பெல்ட்டைக் கையில் வாங்கி முறுக்கிப் பார்க்கக் கூடாது, உட்புறம் வெளியே வரும்படி திருப்பக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். மாட்டும் முன்பே அதன் ஆயுளில் ஒரு பகுதி போயிருக்கும். மேலே பார்த்தால் எதுவும் தெரியாது.

ரப்பரின் கதை வேறு. முதல் தலைமுறை பெல்ட்டுகள் நியோபிரீன். 1930இல் டூபான்ட் ஆய்வகத்தில் பிறந்த ரப்பர் அது. அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியில் வரிசையாக இரட்டைப் பிணைப்புகள் உண்டு. காற்றிலுள்ள ஓசோனும் ஆக்சிஜனும் தாக்கும் இடம் அந்தப் பிணைப்புகள்தான். சங்கிலி ஆங்காங்கே துண்டாகும், வேறு இடங்களில் தேவையில்லாத முடிச்சு விழும், ரப்பர் இறுகி வெடிக்கும். 1980களில் வந்த எச்என்பிஆர் என்ற ரப்பரில் அந்த இரட்டைப் பிணைப்புகளில் பெரும்பாலானவற்றை ஹைட்ரஜன் ஏற்றி முன்கூட்டியே அடைத்துவிடுகிறார்கள். தாக்குவதற்கு இடம் குறைந்துபோகிறது. 60,000 கிலோமீட்டரில் மாற்றச் சொன்ன நிறுவனங்கள் 1,00,000, 1,50,000 என்று ஏறியதற்கு இந்த வேதியியல் ஒரு முக்கியக் காரணம்.

முன்னேற்றத்துக்கு ஒரு விலையும் இருந்தது. நியோபிரீன் சாகுமுன் வெடிப்பு காட்டும். மூடியைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக், "முதுகுல கீறல் விழுந்திருக்கு, மாத்திடுங்க" என்று சொல்ல முடிந்தது. எச்என்பிஆர் பெரும்பாலும் அப்படிக் காட்டுவதில்லை. பல்லின் அடிப்பகுதி களைத்திருக்கும், உள்ளே இழைகள் ஒவ்வொன்றாக முறிந்திருக்கும். மேல்தோல் மட்டும் புதிதுபோலக் கறுத்து நிற்கும். கமலை இறைத்தவர்களுக்கு வடத்தில் புரி விடுவது கண்ணுக்குத் தெரியும், கிணற்றில் சால் விழுமுன் வடத்தை மாற்றிவிடுவார்கள். இந்தப் பெல்ட்டில் புரி விடுவது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே மூடியைக் கழற்றி எட்டிப் பார்த்துவிட்டு "இன்னும் நல்லாயிருக்கு" என்று சொல்லும் தீர்ப்பை நான் ஏற்கமாட்டேன். கீறலோ எண்ணெய்க் கசிவோ தெரிந்தால் உடனே மாற்ற வேண்டும் என்பது உண்மை. ஒன்றும் தெரியவில்லை என்றால் அதிலிருந்து எதையும் முடிவு கட்ட முடியாது.

பார்வை உதவாது என்றால் கணக்குத்தான் கதி. எதைக் கணக்கு வைப்பது? கார் நமக்குக் காட்டும் எண் கிலோமீட்டர். பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் தெரியாது. அது அறிந்தவை இரண்டு: எத்தனை முறை வளைந்தோம், எவ்வளவு நேரம் வெந்தோம்.

இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே ஓயாமல் ஓடும் வாடகை வண்டி. சராசரியாக மணிக்கு 80 கிலோமீட்டர், எஞ்சின் வேகம் நிமிடத்துக்கு 2,400 சுற்று. ஒரு கிலோமீட்டருக்கு முக்கால் நிமிடம், அதற்குள் 1,800 சுற்று. 1,00,000 கிலோமீட்டரில் கிராங்க் 18 கோடி முறை சுற்றியிருக்கும். எஞ்சின் ஓடிய நேரம் 1,250 மணி. இன்னொன்று நகருக்குள் மட்டும் ஓடும் கார். பள்ளிக்கூடம், கடை, மருத்துவமனை. சிக்னலில் ஏசி போட்டு நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் சராசரி வேகம் மணிக்கு 20, எஞ்சின் சராசரியாக 1,500. கிலோமீட்டருக்கு 3 நிமிடம், 4,500 சுற்று. 1,00,000 கிலோமீட்டர் ஓடினால் 45 கோடி சுற்று, 5,000 மணி நேரம். மீட்டரில் இரண்டுக்கும் ஒரே எண். பெல்ட்டின் கணக்கில் நகரக் கார் இரண்டரை மடங்கு வளைந்திருக்கிறது, நான்கு மடங்கு நேரம் வெந்திருக்கிறது.

வெந்தது என்று சொன்னது வெறும் பேச்சுக்கல்ல. ரப்பர் கெடுவது ஒரு வேதிவினை. வெப்பம் 10 டிகிரி கூடினால் இத்தகைய வினைகளின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது வேதியியலாளர்கள் கையாளும் தோராய விதி. அதன்படி 80 டிகிரியில் இருக்கும் பெல்ட்டைவிட 100 டிகிரியில் இருக்கும் பெல்ட் நான்கு மடங்கு வேகமாக மூப்படையும். நெடுஞ்சாலையில் எதிர்காற்று எஞ்சின் அறையைக் குளிர வைக்கிறது. நெரிசலில் அந்தக் காற்று இல்லை. அப்படியென்றால் நகரக் கார் நீண்ட நேரம் வெந்ததோடு நிற்கவில்லை, அதிக சூட்டிலும் வெந்திருக்கிறது.

கார் நிறுவனங்களுக்கு இது தெரியும். ஹோண்டாவின் வி6 எஞ்சின் கார்கள் சிலவற்றின் கையேட்டில், 43 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வழக்கமாக ஓட்டுபவர்கள் டைமிங் பெல்ட்டை மற்றவர்களைவிட முன்னதாக, 1,00,000 கிலோமீட்டரிலேயே மாற்ற வேண்டும் என்று தனிக் குறிப்பு இருக்கிறது. கத்திரி வெயிலில் வேலூரில் 43 டிகிரி பதிவாகும் ஆண்டுகள் உண்டு. குளிர்நாட்டு ஓட்டத்தை மனதில் வைத்துச் சொல்லப்பட்ட உச்ச எண்ணை இங்கே அப்படியே எடுத்துக்கொள்வது சரியல்ல.

கையேட்டில் "இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை ஆண்டு, எது முந்தியதோ அது" என்று எழுதியிருப்பதன் பொருள் இப்போது புலப்படும். கிலோமீட்டர் வளைவுகளுக்கான கடிகாரம், ஆண்டு வேதிவினைக்கான கடிகாரம். ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிக்கு 1,00,000 கிலோமீட்டர் கெடு 25 ஆண்டுக்குப் பிறகுதான் வரும். அதுவரை ரப்பர் காத்திருக்காது. "என் வண்டி ஓடவே இல்லை" என்று பெருமைப்படுபவர்களிடம்தான் நான் மிகவும் வற்புறுத்துவேன்: உங்கள் கெடு ஆண்டுக் கணக்கில் வருகிறது. நகருக்குள் ஓடும் வண்டிக்குக் கையேட்டின் கிலோமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கை எல்லையாக வைத்துக்கொள்வது என் பரிந்துரை.

இனி விமானங்களிடம் போகலாம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் கடலோரப் பிரிவில் லிபரேட்டர் விமானங்கள் 50 மணி நேரப் பறப்புக்கு ஒருமுறை கட்டாயப் பராமரிப்புக்குப் போயின. உயிரியலாளர் சி. எச். வாடிங்டன் குழு பழுதுப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தது. பராமரிப்பு முடிந்து வந்த உடனேதான் பழுதுகள் உச்சத்தில் இருந்தன. பிறகு பறக்கப் பறக்கக் குறைந்தன. சரியாக இருந்ததைக் கழற்றி மாட்டியதே கேடு செய்தது. 1978இல் யுனைடெட் ஏர்லைன்ஸின் ஸ்டான்லி நவ்லனும் ஹவர்ட் ஹீப்பும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்குக் கொடுத்த அறிக்கை இதை இன்னும் விரித்தது. விமானப் பாகங்களில் 89 சதவீதத்துக்கு வயதுக்கும் பழுதுக்கும் தொடர்பில்லை; அவற்றைக் கெடு வைத்து மாற்றுவதால் பயனில்லை. வயது ஏற ஏறப் பழுதடையும் வாய்ப்புக் கூடும் பாகங்கள் 11 சதவீதம்தான்.

இதைப் படித்தவர்கள் "ஓடுவதைத் தொடாதே" என்ற முடிவுக்கு வருவதுண்டு. 89க்கு அது சரி. காரின் மின்னணுப் பாகம் ஒன்றை ஐந்தாண்டு ஆயிற்று என்பதற்காக மாற்றுவது பணத்தை வீணாக்குவது. டைமிங் பெல்ட் அந்த 11இன் பக்கம் நிற்பது. வளைவுக் களைப்பும் ரப்பர் மூப்பும் ஒவ்வொரு நாளும் கூடிக்கொண்டே போகின்றன. எச்சரிக்கையும் தருவதில்லை. செயினோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். செயின் தேய்ந்தால் நீளும், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கடகடவென்று சத்தம் போடும், எஞ்சின் விளக்கும் எரியலாம். செயினுக்குக் காது கொடுத்தால் போதும். பெல்ட்டுக்கு நாள் குறிக்க வேண்டும்.

எந்த நாள்? ஸ்வீடன் பொறியாளர் வலோடி வைபுல் 1951இல் விளக்கிய பரவலை இதற்குப் பயன்படுத்தலாம். எண்கள் நானே வைத்துக்கொண்டவை, கணக்கின் போக்கைக் காட்டுவதற்காக. பெல்ட் மாற்றும் செலவு 8,000 ரூபாய். அறுந்தால் வரும் செலவு 64,000. மாற்றாமலே விட்டால் 1,80,000 கிலோமீட்டருக்குள் 100 பெல்ட்டில் 63 அறுந்திருக்கும். வயதோடு ஆபத்து வேகமாக ஏறுகிறது, வடிவ எண் 4. கிலோமீட்டருக்கான சராசரிச் செலவு எங்கே மிகக் குறைவு என்று தேடினால் விடை சுமார் 84,000 கிலோமீட்டர். அந்த இடத்தில் 100 பெல்ட்டில் அறுந்திருப்பவை ஐந்துகூட இல்லை. கழற்றப்படும் 95 பெல்ட்டுகளும் இன்னும் ஓடக்கூடியவை. அதாவது, கழற்றிய பெல்ட் நன்றாக இருப்பதைப் பார்த்து "அநியாயமாக மாத்திட்டோமே" என்று வருந்த ஒன்றுமில்லை. சரியான நேரத்தில் மாற்றினால் அது அப்படித்தான் இருக்கும்.

இதே கணக்கில் மோதாத எஞ்சினை வைத்து, அறுந்தால் செலவு 16,000 மட்டும் என்று எடுத்துக்கொண்டால், விடை 1,38,000 கிலோமீட்டருக்குத் தள்ளிப்போகிறது. அறுந்த பிறகு மாற்றுவதும் முன்பே மாற்றுவதும் ஒரே செலவென்றால் கெடு வைக்கவே காரணமில்லை. ஆக, உங்கள் எஞ்சின் மோதும் வகையா, மோதாத வகையா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது கிலோமீட்டரைத் தெரிந்துகொள்வதற்குச் சமம். ஆனால் ரூபாயில் அடங்காத ஒன்றும் உண்டு. இரவில், லாரிகள் பறக்கும் நெடுஞ்சாலையின் வலது தடத்தில், குழந்தைகளோடு வண்டி திடீரென்று சக்தியிழப்பதற்கு என்ன விலை போடுவது? நான் அதற்குப் பெரிய விலை போடுவேன். எஞ்சின் எந்த வகையானாலும் கெடுவை ஒட்டியே மாற்றச் சொல்வேன்.

வாடிங்டனின் பாடத்தை மறந்துவிடவும் கூடாது. ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் தவறு நேர இடமுண்டு. ஒரு பல் தள்ளி மாட்டினால் எஞ்சின் தடுமாறும். இறுக்கம் கூடினால் வாட்டர் பம்ப் பேரிங் போகும், குறைந்தால் பெல்ட் பல் தாண்டும். அதனால் 40,000இலேயே மாற்றிவிடுவதும் புத்திசாலித்தனமல்ல. கழற்றும் நாளில் முழுக்க முடித்துவிட வேண்டும். பெல்ட்டின் விலை சொற்பம், கூலிதான் பெரிது. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் அதை வழிநடத்தும் ஐட்லரும் பெல்ட்டோடு பிறந்து, அதே சுற்றுகளைச் சுற்றியவை. பெல்ட் சுற்றும் வாட்டர் பம்ப்பாக இருந்தால் அதுவும் அப்படியே. பழைய டென்ஷனரின் பேரிங் இறுகினால் புது பெல்ட் ஒரு வாரத்தில்கூட அறுந்துபோகும். கிராங்க், கேம் ஆயில் சீல்களில் கசிவு இருந்தால் அவற்றையும் மாற்றாமல் மூடியைப் பூட்டக் கூடாது. எண்ணெய் பட்ட பெல்ட்டுக்கு மேலே சொன்ன எந்தக் கணக்கும் பொருந்தாது.

அதே சமயம் எண்ணெய்க்குள்ளேயே ஓடும் பெல்ட்டுகளும் வந்துவிட்டன. 2012இல் அறிமுகமான ஃபோர்டின் ஒரு லிட்டர் எக்கோபூஸ்ட் எஞ்சின் அப்படிப்பட்டது. மறைமலை நகர் ஆலையில் தயாரான ஈகோஸ்போர்ட் கார்களில் சில அந்த எஞ்சினோடு வந்தன. உராய்வு குறையும் என்பதற்காக இந்த ஏற்பாடு. இதற்கென்று தனியாகச் செய்த ரப்பர், அதற்கென்று குறிப்பிட்ட எண்ணெய். வேறு எண்ணெய் ஊற்றினாலோ, குறுகிய ஓட்டங்களில் எரியாத பெட்ரோல் எண்ணெயில் கலந்தாலோ ரப்பர் உதிரத் தொடங்கும். உதிர்ந்த துகள் ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைக்கும். பெல்ட் அறுவதற்கு முன்பே எண்ணெய் அழுத்தம் இல்லாமல் எஞ்சின் போய்விடும். இத்தகைய வண்டியில் பெல்ட்டின் ஆயுளைத் தீர்மானிப்பது ஒவ்வொரு ஆயில் மாற்றமும்தான்.

பழைய கார் வாங்குபவர்களுக்கு யோசனையே வேண்டாம். பெல்ட் மாற்றியதற்கு ரசீது இருந்தால் நம்பலாம். வாய்ச்சொல்லையும் மீட்டரையும் நம்ப வேண்டியதில்லை, மீட்டரைத் திருப்பிவைப்பது கடினமான வேலையல்ல. ரசீது இல்லை என்றால் கெடு இன்றுதான் என்று கொள்ள வேண்டும். விலை பேசும்போதே அந்தச் செலவைக் கழித்துக்கொள்ளலாம்.

வேலை முடியும் நேரத்தில் பக்கத்தில் நின்று ஒன்றை மட்டும் கவனியுங்கள். நல்ல மெக்கானிக் பெல்ட்டை மாட்டியதும் சாவியைத் திருப்பமாட்டார். கிராங்க் போல்ட்டில் ஸ்பானர் போட்டு, கையால் மெல்ல இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுவார். கிராங்க் இரண்டு சுற்றினால்தான் கேம் ஒன்று சுற்றும், ஒரு முழு ஓட்டம் முடியும். நடுவில் எங்காவது தட்டினால் அங்கேயே நிறுத்திவிடலாம், கை வேகத்தில் வால்வு வளையாது. இரண்டாம் சுற்றின் முடிவில் கிராங்க் மார்க்கும் கேம் மார்க்கும் மறுபடி நேராக வந்து நிற்க வேண்டும். நின்றால் மூடியைப் பூட்டச் சொல்லி, அதன் மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி, தேதி, கிலோமீட்டர் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள்.